ஹவுலில் கரைத்த இறையச்சம்

கல்நெஞ்சைக் கரைக்கும் மருந்தை மேல்நாட்டு விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்குப் போகும் வழியிலுள்ள ஒரு சின்னப் பள்ளிவாசல் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. மருந்தின் பெயர் குளோரின். கண்டுபிடித்த மேதை, பள்ளிவாசல் தலைவர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார்.

அந்த வருடம் ஊரில் டைஃபாய்டு எனும் நெருப்புக் காய்ச்சல் பரவியது. சுகாதார அதிகாரி வந்தார். தொழுகைக்கு முன் எல்லாரும் வாய் கொப்பளித்து, முகம் கழுவி, வுழுச் செய்யும் ஹவுல் என்ற பெரிய தொட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். ஒரு டின் குளோரின் தூளைக் கொடுத்து, ஒரு தேக்கரண்டி போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹாஜியார் தாராள மனத்தவர். "ஒரு கரண்டி கிருமியக் கொல்லுமெண்டா, ஒரு சிரட்டை காய்ச்சலையே கொல்லுமே. கொட்டுங்க மோதினார்," என்றார்.

மோதினார் அப்துல் ஸமத் ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்பவர். பள்ளிவாசலின் பின்னறையில் மனைவி மஸீஹாவோடு குடியிருந்தார். அந்த அறையையும் தன் குரலையும் தவிர அவருக்கு வேறு சொத்தில்லை. கொட்டினார். விடிந்தபோது ஹவுலில் வளர்த்த மீன்களெல்லாம் வெகு 'சுத்தமாக' மிதந்தன.

"தண்ணி ஒரு மாதிரி மணக்குதே ஹாஜியார்," என்றார் ஒரு பெரியவர்.

"அது மணமில்ல. சுகாதாரம்."

அந்த வெள்ளிக்கிழமைதான் அற்புதம் நிகழ்ந்தது. வெளியூர் மௌலவி, பிறர் உரிமையைப் பறிப்பது பாவம் என்று தன் பயான் உரையைத் தொடங்குமுன்பே, தொழ வந்த ஜமாஅத் முழுவதும் கண்ணீர் வடித்தது. தராசுத் தட்டில் விரல் வைத்துப் பழகிய கடைக்காரர் புஹாரிகூடத் தேம்பினார். மௌலவி முதலில் திகைத்தார். பிறகு தன் நாவன்மையில் நம்பிக்கை பிறந்து, பயானை மேலும் நீட்டினார்.

"இப்படி உருகுற ஊர நான் எங்கயும் கண்டதில்ல," என்றார்.

அடுத்த வெள்ளிக்கு ஹாஜியார் இரண்டு சிரட்டை போடச் சொன்னார்.

மோதினாருக்கு மட்டும் மருந்து நெஞ்சில் இறங்கியது. தூளைக் கரைக்கையில் மூச்சடைத்தது. விடியற்காலைச் சுபஹுப் பாங்கு பாதியில் இருமலாக முறிந்தது.

"இனி அந்தத் தண்ணியில கை வெக்காதீங்க," என்றாள் மஸீஹா. "தூளை மூக்கைக் கட்டிட்டுக் கொட்டுங்க. வுழுவ நம்மட கிணத்துல எடுங்க. கொரல் போனா நாங்க எங்க போய் ஈக்கிற?"

அவர் அப்படியே செய்தார். விளைவு பாரதூரமானது. ஊரே அழுத வெள்ளிக்கிழமையில் மோதினாரின் கண் மட்டும் காய்ந்திருந்தது. நிர்வாக சபை அவசரமாகக் கூடியது.

"என்ன மோதினார், ஊரே உருகுது. ஒங்களுக்கு ஏன் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல?" என்றார் ஹாஜியார்.

"நான் கிணத்துல வுழு எடுக்கிறேன் ஹாஜியார். ஹவுல் தண்ணிதான் கண்ண எரிக்குது. கொஞ்சம் கொறச்சிப் போடுவோமே."

சபையில் இருந்த புஹாரி தன் சிவந்த கண்களைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நாங்க அழுறது தண்ணியாலயா?"

"அதுக்கு முந்தி நீங்க அழுது நான் காணல்லயே, புஹாரி நானா."

சபை அதிர்ந்தது. மோதினார் தலையைக் குனிந்தபடியே, "ஹாஜியார்ட கண்ணும் காஞ்சிதானே ஈக்கிது," என்றார்.

"நான் வீட்டுலயே வுழு எடுத்துட்டு வாறவன்," என்றார் ஹாஜியார் அமைதியாக. "அந்தத் தண்ணி என்ட கண்ணுக்கு ஒத்துவராது."

சபை ஆழ்ந்து ஆராய்ந்து ஏகமனதாகத் தீர்மானித்தது. ஹாஜியாரின் காய்ந்த கண், தலைமைக்குரிய மனத்திடம். மோதினாரின் காய்ந்த கண், கல்நெஞ்சு. ஆகவே அவருடைய இருமலையும் 'பொதுச் சுகாதாரத்தையும் முன்னிட்டு' அவருக்கு நிரந்தர ஓய்வு வழங்கப்பட்டது. ஓய்வு எடுப்பவருக்கு அறை தேவைப்படாது என்பதால், வெள்ளிக்கிழமை தொழுகையோடு அதையும் ஒப்படைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மஸீஹா சட்டிபானையையும் பாயையும் மூட்டையாகக் கட்டினாள். அப்துல் ஸமத் வழக்கம்போலக் கிணற்றுத் தண்ணீரில் வுழு எடுத்துக்கொண்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பாங்கை வேறொருவர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவரின் கண்கள் நிறைந்து, கண்ணீர் தாடியில் வடிந்தது.

ஹாஜியார் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. புஹாரியை முழங்கையால் மெல்ல இடித்தார்.

"பாத்தீங்களா, நம்மட மருந்து கடைசியில மோதினாருக்கும் வேலை செஞ்சிட்டு."