சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டிய பலாக்கட்டை

சுத்தம் சோறு போடும் என்பார்கள். என் விஷயத்தில் அது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பாதிச் சோற்றில் எழுப்பிவிட்டது. அதுவும் அழகர் ஆற்றில் இறங்கிய நாளில், என் பிறந்த வீட்டு ஜனம் மொத்தமும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது.

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் வீடு. மாமனார் வீணை செய்கிறவர். நான் பிறந்த ஊர் பரவை. அப்பா மாட்டுவண்டிச் சக்கரம் செய்கிறவர். "மரம் தெரிஞ்ச வீட்டுப் பிள்ளை" என்று சொல்லித்தான் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். (பிற்பாடு அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.)

மாமியார் இல்லாத வீடு. வந்த மறுநாளே கரண்டியும் துடைப்பமும் என் கைக்கு வந்துவிட்டன. துடைப்பம் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பரணைத் தட்டினேன், பித்தளையைத் தேய்த்தேன், என் வீட்டுக்காரர் பேப்பர் படிக்கும் நாற்காலியை அவரோடு சேர்த்தே நகர்த்திப் பெருக்கினேன். என் ஆட்சிக்கு அடங்காதது ஒன்றே ஒன்றுதான். கூடத்தின் இருட்டு மூலையில் கிடந்த பலாக்கட்டை.

சிறுமலைப் பக்கத்திலிருந்து வந்த கட்டை. ஆள் நீளம். ஒரு பக்கம் பானை மாதிரிப் பருத்து, மறுபக்கம் ஒல்லியாக, வீணையின் உருவம் தெரியும்படி மேலாகச் செதுக்கியிருந்தார்கள். தரையில் படாமல் இரண்டு முட்டுக்கட்டை மேல் படுத்திருக்கும். காற்றும் வெயிலும் படக்கூடாது. இரண்டு முனையிலும் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பியிருக்கும். அமாவாசைக்கு அமாவாசை மாமா அதைப் புரட்டிப்போடுவார். காலையில் எழுந்ததும் விரல்முட்டியால் அதைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். காபி அதற்கப்புறம்தான். ஐந்து வருஷமாக அது அப்படிக் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

அது கோமதிக்கான கட்டை. கோமதி என் நாத்தனார், அப்போது பதினெட்டு வயது. ஊருக்கெல்லாம் வீணை செய்கிறவரின் மகளுக்குச் சொந்தமாக வீணை கிடையாது. பாட்டு டீச்சர் வீட்டில் முறை வைத்து ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு வருவாள். "உனக்குன்னா ஏகாந்த வீணைதான் செய்வேன்" என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். ஒட்டில்லாமல் முழுக்க ஒரே மரத்தில் கடைந்தெடுப்பது அது. அதுவரைக்கும் சாயங்காலங்களில் கோமதி அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தந்தியுமில்லாத, பித்தளை மெட்டுமில்லாத மரத்தின் மேல் விரலை ஓட்டிப் பழகுவாள். வாயால் மெதுவாகச் சுரம் சொல்லிக்கொள்வாள். பார்க்கப் பாவமாகவும் இருக்கும், அழகாகவும் இருக்கும்.

எனக்கு மட்டும் அந்தச் சாணிதான் கண்ணில் பட்டது. முதல் தடவை வந்த என் அம்மா, மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"ஏண்டி, கூடத்துல சாணிய அப்பி வச்சிருக்காக. மாடு எங்க?"

அந்தக் கேள்வி எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. சித்திரைத் திருவிழாவுக்குப் பரவையிலிருந்து எல்லோரும் வருவதாகச் சேதி வந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. மாமா புது மரம் பார்க்க நத்தம் பக்கம் போயிருந்தார். திருவிழாவன்று வருவதாகச் சொல்லியிருந்தார். இதைவிட நல்ல சமயம் எப்போது வாய்க்கும்?

"கட்டைய மாடிக்குக் கொண்டுபோகலாமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்று வந்தது. (கேட்டது நான்தான் என்றுகூட அவருக்குத் தெரியாது என்று பிற்பாடு சத்தியம் செய்தார்.)

கோமதிதான் ஓடி வந்து மறித்தாள்.

"மதினி, வேணாம். அப்பா வந்துரட்டும்."

"எங்கப்பா சக்கரம் செய்றவரு. கருவேலங்கட்டையக் கம்மாயில ஊறப்போட்டு, எடுத்து வெயில்ல காயப்போடுவாக. இரும்பு மாதிரி ஆகிரும். மரத்தப் பத்தி எனக்கே சொல்லித் தாறியா? ஏழு வருசம் எதுக்கு, ஏழே நாள்ல காயவச்சுத் தாரேன் பாரு!"

வெள்ளையடிக்க வந்த இரண்டு பேர் கட்டையைத் தூக்கி மொட்டை மாடியில் வைத்தார்கள். நான் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முனைகளில் இருந்த சாணியையும் செம்மண்ணையும் சுரண்டினேன். வெந்நீர் ஊற்றினேன். வாடை போகவில்லை. சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்தேன். தலைக்கு எண்ணெய் வைக்காததுதான் பாக்கி. மூலை காலியானதும் அந்த இடத்தில் கோலமும் போட்டேன்.

மூன்று நாள் சித்திரை வெயில். இரண்டாம் நாள் மாடியில் "டிக், டிக்" என்று சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பொடியன்கள் மாங்காய்க்குக் கல் எறிகிறார்கள் என்று நினைத்து, சுவருக்கு மேலே தலையை நீட்டி ஒரு பாட்டம் திட்டினேன். அந்த வீட்டில் அன்றைக்கு ஆளே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் அழகரைப் பார்த்துவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். கூடம் பளபளவென்று இருந்தது. அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. இலை போட்டு, சோறு போட்டு, சாம்பாருக்கு வந்தபோது வாசலில் மாமா நின்றார். கையில் மஞ்சள் பை, சட்டையெல்லாம் பஸ் தூசி. சம்பந்தி வீட்டாரைக் கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்கும்போதே கண் மூலைக்குப் போனது.

"கட்டை எங்க தாயி?"

"மாடியில மாமா. நல்லாக் காயுது" என்றேன், பெருமையாக.

டமார்!

அதிர்வேட்டு என்று நினைத்து என் சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா செருப்பைக்கூடப் போடாமல் படியேறினார். பின்னாலேயே எல்லோரும், சாம்பார்க் கையோடு.

கட்டையின் பருத்த முனையிலிருந்து நடு உடம்பு வரைக்கும் வாய் பிளந்திருந்தது. என் விரலே உள்ளே போகும். தளம் நெருப்பாய்ச் சுட்டது. ஒருவர் காலிலும் செருப்பில்லை. வலது கால், இடது கால் என்று மாற்றி மாற்றி எடுத்துவைத்துக்கொண்டே அத்தனை பேரும் துக்கம் விசாரித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நாங்கள் கும்மியடிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். மாமா மட்டும் ஆடாமல் நின்றார். அவருக்குச் சூடு உறைக்கவேயில்லை.

அப்பா குனிந்து, சாணி போன முனையைத் தடவினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"முனை வழியாத்தான்டி மரம் சீக்கிரம் காயும். உள்ள ஈரம் இருக்கையில முனை மட்டும் காஞ்சாப் பிளக்காம என்ன செய்யும்? அதுக்குத்தான அந்தப் பூச்சு! கருவேலும் பலாவும் ஒண்ணா? சக்கரமா பாடப்போகுது?" என்றார். அப்புறம் மாமாவைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க சம்பந்தி" என்றார். எங்கப்பா யாரிடமும் தலை குனிந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அஞ்சு வருசம் நெழல்ல வச்சிருந்தேன்" என்றார் மாமா. அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கோமதி அழவில்லை. பிளவின் ஓரமாக ஒரு தடவை விரலை ஓட்டினாள். பிறகு கீழே இறங்கிப் போய், நான் போட்ட கோலத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. குழம்பில் உப்பில்லை என்றால்கூட அண்ணனிடம் சொல்வாள், அவர் என்னிடம் சொல்வார்.

மாமா பிளந்த பாகத்தை அறுத்து எடுத்தார். மிஞ்சியதில் ஏகாந்த வீணை வராது. குடம் தனி, நீளமான தண்டி தனியாகச் செய்து சேர்க்கிற ஒட்டு வீணைதான் வரும். துண்டுகள் பழைய மூலைக்கே திரும்பின. அவற்றின் முனைகளுக்குச் சாணி பூசும் உத்தியோகத்தை அன்றே நான் வலியப்போய் வாங்கிக்கொண்டேன். அடுத்த தடவை அம்மா வந்தபோது, அவள் மகள் முழங்கை வரை சாணியோடு கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா மாடு எங்கே என்று கேட்கவில்லை.

சின்னத் துண்டுகள் சீக்கிரம் காய்ந்தன. அடுத்த சித்திரைக்குள் வீணை தயாராகிவிட்டது. "பாத்தியா, என்னால ஒரு வருசம் முந்தியே கெடச்சிருச்சு" என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கோமதி அதை மடியில் வைத்து முதல் தந்தியை மீட்டியபோது நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

இன்றுவரை எங்கள் வீட்டில் எனக்கு எதையும் காயப்போட அனுமதி கிடையாது. வற்றல் தட்டோடு படியேறினால், என் பேரன்கூட "ஆச்சி, வெடிக்குமா?" என்று காதைப் பொத்திக்கொள்கிறான்.

போன வருஷம் கோமதியின் மகன், அம்மாவுக்கு ஏகாந்த வீணை ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னான். அவள் பழைய வீணையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குடத்தின் அடியில், அன்றைய பிளவின் மிச்சமாக, மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்த சின்னக் கீறல் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் கூடுதலாகத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வேணாம்டா. அது சுருதி சேராமப் போனா நான் யாரத் திட்டுறது?"