பேத்திக்கு நான் வைக்கப்போன பெயர்

எனக்கு அரபி தெரியாது என்பதை ஒத்துக்கொள்ள அறுபத்து மூன்று வயதாயிற்று. அதுவும் நானாக ஒத்துக்கொள்ளவில்லை. பிரியாணி தம்மில் இருக்க, நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒத்துக்கொள்ள வைத்தார்கள்.

கம்பத்தில் நான் வேதியியல் ஆசிரியராக இருந்தவன். ஓய்வு பெற்றதும் தமிழ் வழியாக அரபி கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை வாங்கிப் பாதிவரை படித்தேன். (பாதி என்பதும் சற்றுக் கூட்டிச் சொன்னதுதான்.) அன்றிலிருந்து வீட்டில் மார்க்கம் பேசும் உரிமை எனக்கு மட்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகள் சலீமாவைக் குமுளியில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஏழு வருடம் கழித்துப் பெண்குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் முடி இறக்கி, ஆடு அறுத்து அகீகா கொடுத்து, பெயர் வைக்க வேண்டும்.

"ஹாஜரான்னு வைக்கணும் அத்தா," என்றாள் சலீமா.

"அது தெருவுக்கு நாலு இருக்கு. நல்ல பொருளா பாத்து வைக்கணும்னு மார்க்கம் சொல்லுது. அத நான் பாத்துக்கிறேன், நீ பிள்ளையப் பாரு."

ஹாஜராவுக்குப் பொருளில் என்ன குறை என்று அவள் கேட்கவில்லை. ஏன் அந்தப் பெயர் என்று நானும் கேட்கவில்லை.

மூன்று நாள் யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தேன்: கல்புன்னிஸா. கமருன்னிஸா உண்டு, மெஹருன்னிஸா உண்டு, கல்புன்னிஸா யாராவது கேள்விப்பட்டதுண்டா? கல்பு என்றால் இதயம். பெண்களின் இதயம்!

"நாக்குலயே நிக்கலயே," என்றாள் என் மனைவி மைமூன். "முழுசாக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பிள்ள பெரிய மனுஷியாயிரும்."

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சொன்னேன். "அரபில எழுதுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவ காட்டுங்க சார்," என்றார். கல்பு என்று எழுதத் தெரியாதா எனக்கு? என் கையாலேயே தாளில் எழுதி ஃபிளக்ஸ் கடையில் கொடுத்தேன். பத்தடி நீளம். சுற்றிலும் ரோஜாப்பூ. நடுவில் அரபியில் பெயர், கீழே பொடி எழுத்தில் தமிழ்.

ஏழாம் நாள் குமுளியிலிருந்து சம்பந்தி ஜீப்பில் வந்தார். மலையாளம் பேசுகிற மனிதர், சின்ன வயதிலேயே மதரஸாவில் முறையாக ஓதியவர். ஒரு காலைக் கீழே வைத்தவர் எங்கள் வீட்டு வாசலில் கட்டியிருந்த ஃபிளக்ஸைப் பார்த்தார். இன்னொரு கால் ஜீப்பிலேயே நின்றுவிட்டது.

"மாஷே, இது பட்டியாணல்லோ!"

எனக்கு மலையாளம் ஓரளவு புரியும். ஆனால் ரோஷம் வந்துவிட்டால் என் காது தமிழில் மட்டும்தான் கேட்கும். தேவதானப்பட்டி, ஆண்டிபட்டி என்று எங்கள் பக்கம் பட்டிக்குப் பஞ்சமில்லை. சம்பந்தி நம்மைப் பட்டிக்காடு என்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

"பட்டி இல்லைங்க, இது நகராட்சி."

"ஊரல்ல மாஷே, பேரு! பேரு பட்டி!"

"பேரும் பட்டி இல்ல. கம்பம்."

அந்தப் பெரிய மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு வழியில்லாமல், ஃபிளக்ஸைக் கையால் காட்டி, "வவ், வவ்" என்று குரைத்தார்.

ஹஜ்ரத் வந்து வாசித்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் தாடி நடுங்கியது. "சார், தமிழ்ல ஒரே 'க'தான். அரபில ரெண்டு. தொண்டைக்குள்ளருந்து வர்றதப் போட்டா இதயம். நீங்க மத்ததப் போட்டுட்டீக. அது நாய். மலையாளத்துல பட்டி."

பெண்களின் நாய். பத்தடி நீளத்தில்.

அப்போதாவது அடங்கினேனா? எழுத்தைத் திருத்தினால் இதயம் வந்துவிடும் என்று ஏணியைச் சாத்தி, மார்க்கர் பேனாவோடு ஏறினேன். நாலாவது படியில் நிற்கும்போது, மொட்டையடித்த குழந்தையோடு சலீமா வெளியே வந்தாள்.

"இறங்குங்க அத்தா. போர்டத் திருத்தலாம், ஊர் நாக்கத் திருத்த முடியுமா? எல்லாரும் ஒரே 'க'லதான் கூப்பிடுவாக. எம்பிள்ள காலம் பூரா நாயின்னு பேர் வாங்கணுமா?"

மார்க்கரின் மூடியைப் போட்டேன்.

"பாலைவனத்துல ஹாஜரா அம்மா பிள்ளையோட தாகத்துக்குத் தண்ணி தேடி ரெண்டு குன்றுக்கு நடுவுல ஏழு தடவ ஓடுனாக. நான் இந்தப் பிள்ளைக்காகத் தேனி ஆஸ்பத்திரிக்கும் மதுரை ஆஸ்பத்திரிக்கும் ஏழு வருஷம் ஓடுனேன். அதுக்குத்தான் அந்தப் பேரு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"கேட்டீகளா?"

கேட்கவில்லை. அவளை மதுரைக்கு எத்தனையோ முறை பஸ் ஏற்றிவிட்டவன் நான். அந்தப் பெயரில் அவள் வைத்திருந்த பொருளை ஒரு நிமிடம்கூட விசாரிக்கவில்லை. அகராதியில் பொருள் தேடிக்கொண்டிருந்தேன்.

"பொருத்தமில்லாத பேர மாத்தி நல்ல பேரு வைக்கிறதும் நபிவழிதான் சார்," என்றார் ஹஜ்ரத், ஏணியைப் பிடித்துக்கொண்டு. "இறங்கி வாங்க." இறங்கினேன். ஹாஜரா என்று பெயர் வைத்து துஆ ஓதினார். சம்பந்திதான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமீன் சொன்னார்.

ஹாஜரா இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். லீவுக்குச் சலீமாவோடு வரும்போது தெருவில் எந்த நாய் குரைத்தாலும் மைமூன் ஆரம்பித்துவிடுவாள்: "ஏங்க, உங்க பேத்தி கூப்பிடுறா." உடனே ஹாஜரா, "நான் இங்கன இருக்கேன் நன்னா, அது மூத்தவ," என்பாள் இந்தத் தாத்தாவிடம்.

நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, "என்னம்மா வேணும்?" என்று தெருவைப் பார்த்துக் கேட்கிறேன். உள்ளே சலீமா சிரித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்கிறேன். கால் வலித்தாலும் சரி, ஒரு தடவைகூடத் தவறவிடுவதில்லை.