ஹபீபுல்லா பாய் தேடிய கிணறு

"ஐயையோ, கிடைச்சுத் தொலைஞ்சிடுச்சே!" என்றார் அமிர்தராஜ்.

நல்லவேளை, கேட்க ஆள் இல்லை. அந்த ரெக்கார்டு ரூமில் ஆள் இருப்பதே அபூர்வம். திருச்சியில் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம். நாலு சுவருக்கும் சிவப்புத் துணியில் கட்டிய காகித மூட்டைகள், ஊருக்கு ஒன்றாக. நடுவில் மேஜை, மேஜைக்குப் பின்னால் அமிர்தராஜ். நூறு வருஷத்து மனுக்களுக்கும் சாசனங்களுக்கும் அவர்தான் காவல். காவலாம் காவல், என்னவோ திருடர்கள் வாசலில் வரிசை கட்டி நிற்கிற மாதிரி!

மனைவி லூர்து போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் ஏறுவார். அங்கே போய் இறங்காமல், அதே பஸ்ஸில் திரும்பி வருவார். கண்டக்டர் இரண்டு தரம் "டிக்கெட், டிக்கெட்" என்று கேட்பார் அல்லவா, அதுவும் பேச்சுதானே.

அப்படிப்பட்டவருக்குத்தான் போன வருஷம் ஹபீபுல்லா பாய் வந்து வாய்த்தார். ஜவுளிக்கடையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்ட பெரிய மனிதர்.

"எங்க பூட்டனார் முகம்மது கனி ராவுத்தர், வழிப்போக்கருங்களுக்காகக் கிணறு வெட்டி ஊருக்கே எழுதிக் குடுத்தாங்களாம் சார். எந்த ஊர்ல வெட்டினாங்கன்னுதான் தெரியல. அந்தச் சாசனம் கிடைச்சா குடும்ப சரித்திரத்தை எழுதிடுவேன்" என்றார்.

"தேடிடலாம் பாய், உட்காருங்க."

உட்கார்ந்தவர்தான். தினமும் வந்தார். ஒரு பக்கம் படிப்பார், ஒரு மணி நேரம் பேசுவார். பட்டு விலை, மருமகளின் சமையல், காவிரியில் தண்ணீர் வந்த கதை, பல்வலி. டீ வாங்கி வரச் சொன்னால் இரண்டு டம்ளர் வாங்க வேண்டியிருந்தது. அமிர்தராஜுக்கு அந்த இரண்டாவது டம்ளரைப் பார்த்தாலே மனசு நிறைந்துவிடும்.

இன்றைக்குப் பாய் மத்தியானத் தொழுகைக்குப் போன நேரத்தில், பூச்சி அரிக்கிறதா என்று லால்குடி மூட்டையைப் பிரித்தார் அமிர்தராஜ். அந்த மூட்டையைப் பாய் தொட்டதே இல்லை. "லால்குடிப் பக்கம் எங்களுக்குச் சம்பந்தமே கிடையாதுங்க" என்று முதல் நாளே ஒதுக்கிவிட்டார். அதற்குள்ளே, மேலாகவே, முகம்மது கனி ராவுத்தர் கையெழுத்தோடு, கிணறு!

கிணறு கிடைத்தால் பாய் போய்விடுவார். அவ்வளவுதான். அப்புறம் பழையபடி ஒற்றை டம்ளர், ஸ்ரீரங்கம் பஸ்.

'நாளைக்கே லால்குடியையும் பார்ப்போம் என்று மனுஷன் சொல்லிவிட்டால்?' அமிர்தராஜுக்கு வியர்த்தது. சாசனத்தை உருவி, பாய் ஏற்கெனவே வரி விடாமல் படித்து முடித்திருந்த உறையூர் மூட்டைக்குள் செருகிவிட்டார்.

மறுநாள் காலையில் பாய் வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "ராத்திரியெல்லாம் யோசனை சார். உறையூரை அவசரத்துல பார்த்துட்டோம். முதல்லேருந்து இன்னொரு தடவை பார்ப்போம்."

"அதான் பார்த்தாச்சே பாய்!"

"பார்த்தா என்ன, தேய்ஞ்சா போயிடும்? எடுங்க சார்."

பாய் கண்ணாடியைத் துடைக்கிற நேரத்தில் அமிர்தராஜ் சாசனத்தை உருவினார். வைக்க இடமில்லை. நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து மேலதிகாரி உள்ளே வந்தார். அமிர்தராஜ் எழுந்திருக்கவில்லை.

"என்னய்யா, மரியாதையெல்லாம் மறந்து போச்சா?"

"மூட்டு வலிங்க ஐயா. எழுந்திரிக்க முடியல."

அதிகாரி முறைத்துவிட்டுப் போனார். பாய்க்குத்தான் தாங்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்? எனக்காக ஏணியில ஏறி ஏறித்தான் இந்தக் கால் போச்சு!" என்று வருத்தப்பட்டார்.

அன்று சாயங்காலம் பாய் கிளம்பும் வரைக்கும் அமிர்தராஜ் நாற்காலியை விட்டு அசையவில்லை. அப்புறம் எழுந்து, அதையும் பாய் முடித்துவிட்டார் என்ற தைரியத்தில், கீழ்த்தட்டிலிருந்த சமயபுரம் மூட்டைக்குள் சாசனத்தை ஒளித்தார்.

மறுநாள் பாய் ஒரு புட்டித் தைலத்தோடு வந்தார்.

"இனிமே நீங்க ஏணியில ஏறவே கூடாது. கீழ்த்தட்டுல இருக்கிறதை மட்டும் திரும்பப் பார்ப்போம். இதோ, சமயபுரம்."

'இந்த மனுஷனுக்கு மூக்கிலே வேர்க்கிறதா?' என்று அமிர்தராஜ் திகைத்தார். இல்லாத மூட்டு வலிக்காகக் கால் முழுக்கத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டார். பாய் டீ சொல்லப் போன கொஞ்ச நேரத்தில் சாசனத்தைச் சுருட்டி, மூலையில் சாத்தியிருந்த தம் குடைக்குள் செருகினார். அப்பாடா, குடைக்குள் யார் தேடப் போகிறார்கள்?

சாயங்காலம் இருவரும் வழக்கம்போல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா? கொட்டு கொட்டென்று கொட்டியது.

"சார், குடை!"

"இருக்கட்டும் பாய்."

"என்ன இருக்கட்டும்? விரிங்க சார், நனையுறோம்!"

"காத்து பலமா இருக்கு. கம்பி முறிஞ்சிடும்."

"இலைகூட அசையலையே!"

"வரும் பாய், இனிமேதான் வரும்."

விரிக்காத குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அமிர்தராஜ் நடந்தார். நொண்ட வேண்டும் என்பது நினைவு வந்தபோது நொண்டினார். பாய் தொப்பலாக நனைந்து, ஒன்றும் புரியாமல் கூடவே நடந்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அடுத்த நாள் பாய் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பாய்க்குக் கடுமையான ஜுரம் என்று ஜவுளிக்கடைப் பையன் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அமிர்தராஜ் பழக்கதோஷத்தில் இரண்டு டீ வாங்கிவைத்தார். ஒன்றைக் குடித்தார், மற்றது ஆறி ஆடை கட்டியது. வயசான மனுஷர். தமக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்பதற்காக அவரை மழையில் நனைத்து, படுக்கையில் தள்ளியாயிற்று. ஒரு மனுஷன் தன் குடும்பத்துப் பெருமையைத் தேடி ஒரு வருஷமாக நாயாக அலைகிறான், அதைக் குடைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேனே, நான் என்ன ஜென்மம் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. தனியாக இருந்து இருந்து புத்தி கோணிப்போய்விட்டது என்று தம்மையே திட்டிக்கொண்டார்.

போனால் போகிறது. பாய் பிழைத்து எழுந்து, குடும்ப சரித்திரத்தை எழுதட்டும். நமக்கு ஸ்ரீரங்கம் பஸ் இருக்கவே இருக்கிறது.

சாசனத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பெரிய தர்காவுக்குப் பக்கத்துத் தெருவில் பாயின் வீட்டைத் தேடிப் போனார். கதவைத் திறந்தது மருமகள் வஹீதா. உள்ளே மகன்கள் கணக்குப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்தவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெக்கார்டு ரூம் சாருங்களா? வாங்க, வாங்க. மாமாவுக்கு இப்பத்தான் ஜுரம் விட்டுச்சு, தூங்குறாங்க. கண்ணு முழிச்சா உங்க பேச்சுத்தான். எங்க யாருக்கும் அவங்ககிட்ட உட்கார்ந்து பேச நேரமே இல்லீங்க."

அமிர்தராஜ் துணியைப் பிரித்துச் சாசனத்தை நீட்டினார்.

"நான் உட்காரலம்மா. முழிச்சதும் இதைக் குடுத்துடுங்க. பாய் தேடினது கிடைச்சுடுச்சு. லால்குடிக் கிணத்துச் சாசனம். இனிமே... அவர் அங்க வர வேண்டிய அவசியம் இல்லை."

வஹீதா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். ஒரு தரம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"இதோட நகல்தான் நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து எங்க கூடத்துல கண்ணாடி போட்டுத் தொங்கிச்சுங்களே. உங்க ஆபீசுக்குப் போக ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் மாமா அதைக் கழட்டி பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டினாங்க!"