இலைப்பாறும் அறை

உலகத்திலேயே ஒழுங்கீனமான ஊழியர் சூரியன்தான் என்பதைக் கண்டறிந்த பெருமை பூவராகவனையே சேரும். அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியின் மனிதவள மேலாளர். அவருக்கு முன் எத்தனையோ கோடிப் பேர் சூரியனை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள், வணங்கியிருக்கிறார்கள், பொங்கல்கூட வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் அதன் வருகை விவரத்தைக் கவனிக்கத் தோன்றவில்லை. ஐப்பசி வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் லீவு. புயல் சின்னம் என்றால் தொடர் லீவு. மார்கழியில் தாமத வருகை. எவ்வளவு அவசர ஆர்டர் இருந்தாலும் சாயங்காலம் கிளம்பிவிடுவது.

"இப்படி ஒரு ஆள நம்ம லைன்ல ஒரு வாரம் வெச்சிருப்போமா?" என்று பூவராகவன் கேட்டார்.

கேட்டது மனைவி திலகவதியிடம். அவள் திருவள்ளூர் வீட்டின் மொட்டைமாடியில் மிளகாய் காயப் போட்டுவிட்டு, முகமெல்லாம் சிவந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

இந்த ஞானம் அவருக்குச் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில், 'பணியிடத்தில் பசுமை' என்ற கருத்தரங்கில் கிடைத்தது. ஜன்னலே இல்லாத ஒரு அறையைத் திரையில் காட்டினார்கள். ஊதா வெளிச்சத்தில் அடுக்கடுக்காகக் கீரை. மழை வேண்டாம், வெயில் வேண்டாம், முக்கியமாகக் குறை சொல்லும் விவசாயி வேண்டாம். பூவராகவனின் அப்பாவுக்குத் திருப்பாச்சூர் பக்கம் நெல் நிலம் உண்டு. பூவராகவன் அதில் கடைசியாகக் கால் வைத்தது ஒரு போட்டோவுக்காக; செருப்போடு. ஆனால் விவசாய ரத்தம் விவசாய ரத்தம்தான். குளிரூட்டப்பட்ட அரங்கில் அது கொதித்தது.

விளக்கைக் கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் வாங்கினால் அது வெறும் கொள்முதல். கையால் செய்தால் 'புத்தாக்கம்'. புத்தாக்கத்துக்குத்தான் பொன்னாடை போர்த்துவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பமானது. பழைய ஜன்னலின் அலுமினியச் சட்டத்தை அறுத்தார். சூடு கடத்தும் பசையைத் தடவி, நாலு சிவப்புக்கு ஒரு நீலம் என்ற கணக்கில் சின்னச் சின்ன எல்.இ.டி.களை ஒட்டினார். ஒயர்களை ஈயத்தால் பற்றவைக்கும்போது இரண்டு விரல் பொசுங்கியது. அறிவியல் என்றால் தியாகம் இருக்கத்தான் செய்யும். சுவிட்சைப் போட்டார். எரியவில்லை. ஒரே ஒரு எல்.இ.டி.யைத் தலைகீழாக ஒட்டியிருந்ததால் வரிசை மொத்தமும் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. மின்னோட்டம் பார்க்கும் மீட்டரை வைத்துத் தொட்டுத் தொட்டு அந்த ஒன்றைப் பிடித்தபோது, போன வருஷம் சங்கம் ஆரம்பிக்கப் பார்த்த ஆளைக் கண்டுபிடித்த அதே ஆனந்தம் அவருக்கு உண்டாயிற்று. அந்த ஆளைப் போலவே அதையும் பிடுங்கி எறிந்துவிட்டு வேறொன்று வைத்தார். வரிசை ஒளிர்ந்தது.

படுக்கையறையில் ஃபேனைக் கழற்றி, அந்தக் கொக்கியில் சங்கிலி போட்டு விளக்கைத் தொங்கவிட்டார். ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார்.

"இன்னாங்க இது, ஜன்னல அடைச்சிட்டீங்க?" என்றாள் திலகவதி.

"வெயில் உள்ள வருது. கீரை கன்ப்யூஸ் ஆயிடும்."

"வெயிலு வேணும்னுதானே லைட்டு போட்டுக்கினு இருக்கீங்க?"

"அது கட்டுப்பாடு இல்லாத வெயில். இது திட்டமிட்ட வெயில்."

திலகவதி ஓரமாய் நகர்த்தப்பட்ட கட்டிலைப் பார்த்தாள். "அப்ப நாம எங்க படுக்கறது?" என்றாள். இந்த மாதிரித் தொலைநோக்கில்லாத கேள்விகளுக்குப் பூவராகவன் அலுவலகத்திலும் பதில் சொல்வதில்லை.

முதல் விதைப்பு தோல்வி. விளக்கு உயரத்தில் தொங்கியதால் தண்டுக்கீரை நாற்று அதை எட்டிப் பிடிக்க நூலாக நீண்டு, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்தது. நின்று நின்றே துவண்ட அந்தத் தண்டுகளைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாயில்லாத ஜீவன், யாரிடம் போய்ச் சொல்லும்? சங்கிலியை இறக்கி, விளக்கை நாற்றுத் தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினார். அடுத்த விதைப்பு திமுதிமுவென்று வந்தது.

அந்த வெற்றியோடு கம்பெனியில் கூட்டம் கூட்டப்பட்டது. முதலாளி வெங்கடேசன் தலைமை வகித்தார். கார் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வரப்போகிறார்கள், அதற்குள் கண்ணில் படும்படி ஏதாவது பசுமை வேண்டும் என்பது அவர் கவலை. எல்லாருக்கும் திட்டம் பிடித்திருந்தது. இடம்தான் கேள்வி.

"ஜன்னல் இல்லாத ரூம் வேணும் சார்" என்றார் பூவராகவன்.

"ஸ்டோர் ரூம்?"

"அட்டைப்பெட்டி இருக்கு சார். ஈரம் பட்டா கெட்டுப் போயிடும்."

"மீட்டிங் ரூம்?"

"அப்புறம் இந்த மாதிரி முடிவெல்லாம் எங்க சார் எடுக்கறது?"

மீதி இருந்தது பெண் தொழிலாளர்கள் இளைப்பாறும் அறை. இரண்டு பெஞ்சு, ஒரு ஃபேன். லைனில் நாள் முழுக்க நின்றபடி ஒயர் கோக்கும் பெண்கள், சாப்பிட்டதும் பத்து நிமிஷம் காலை நீட்டிக்கொள்ளும் இடம். மற்ற நேரமெல்லாம் அது சும்மாவே கிடக்கிறது என்பதை ஆய்வு செய்து சொன்னார் பூவராகவன். அந்த நேரத்தில் அவர்கள் எல்லாரும் லைனில் நிற்கிறார்கள் என்பதை யாரும் ஆய்வு செய்யவில்லை. ஒருமனதாக முடிவாயிற்று.

"ஆனா ரெஸ்ட் ரூம் இருக்கணும்னு சட்டம் இருக்கே?" என்றார் வெங்கடேசன்.

"இருக்கும் சார். போர்டு அப்படியே இருக்கும்."

பூவராகவன் தமிழ்ப் பற்றாளர். பெயிண்டரைக் கூப்பிட்டு ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாற்றச் சொன்னார். 'இளைப்பாறும் அறை' என்ற பலகை 'இலைப்பாறும் அறை' ஆனது. இலைகள் அங்கே இளைப்பாறத் தொடங்கின.

பெஞ்சுகளை அவர் தூக்கி எறிந்துவிடவில்லை. கீரைத் தட்டுகள் வைக்க அவை அளவெடுத்த மாதிரி இருந்தன. மேலே வரிசையாக விளக்குகளை மாட்டினார். சூட்டில் இலை வாடாமலிருக்க ஏசி வந்தது. தண்டு வலுப்பெற மெல்லிய காற்று. வேளா வேளைக்குத் தண்ணீர். இரவில் விளக்கை அணைத்து முழு இருட்டு. 'வளர்கிற உயிருக்கு ஓய்வு அவசியம்' என்று கதவில் ஒரு அட்டை தொங்கியது. முதல் அறுவடை முதலாளியின் சாப்பாட்டு மேசைக்குப் பொரியலாகப் போயிற்று. 'தொழிலாளர் நலத் திட்டம்' என்பதால் தொழிலாளர்களுக்கு அதன் போட்டோ காட்டப்பட்டது.

லைனில் வேலை செய்யும் செண்பகம் ஒரு நாள் அவர் அறைக்கு வந்தாள். பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு.

"சார், கீரைக்கு இன்னாத்துக்கு ஏசி?"

"ஹீட் தாங்காதும்மா. துவண்டு போயிடும்."

"நம்ம ஜெனிபரும் துவண்டு போயிதான் சார் கீறா. ஆறு மாசம் முழுகாம கீற பொண்ணு. தகர ஷீட்டு கீழ நின்னுக்கினே கீறா. முன்ன அந்த ரூம்ல பத்து நிமிசம் படுத்துக்கினு இருந்தா. இப்ப பாத்ரூம் வாசல்ல அட்டப்பெட்டி மேல குந்திக்கினு கீறா."

"அவங்களுக்கு முடியலன்னா லீவு போடச் சொல்லு."

"லீவு போட்டா வேலைய வுட்டு நிறுத்திருவீங்களே சார்."

"அது பாலிசி" என்றார் பூவராகவன், வருத்தத்தோடு. பாலிசியை எழுதியவர் என்ற முறையில் அவருக்கு அதில் வருத்தப்பட முழு உரிமை இருந்தது.

ஆய்வு நாள் வந்தது. கார் கம்பெனியின் ஆய்வாளர் அம்மையார் புனேயிலிருந்து வந்திருந்தார். தமிழ் தெரியாது, நல்ல மனசு. வெங்கடேசனும் பூவராகவனும் அவரை இருபுறமும் தாங்காத குறையாக அழைத்து வந்தார்கள். அதே நேரம் லைனில் ஜெனிபர் கையில் பிடித்த ஒயரோடு சரிந்து விழுந்தாள்.

அந்தக் கம்பெனியில் குளிர்ச்சியாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். செண்பகமும் இன்னும் சில பெண்களும் அவளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். தட்டுகளை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, அவளைப் பெஞ்சில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.

ஆய்வாளர் அம்மையாருக்காகக் கதவைத் திறந்த பூவராகவன், முதலில் தரையில் கிடந்த கீரைத் தட்டுகளைப் பார்த்துப் பதறினார். பிறகுதான் ஜெனிபரைப் பார்த்தார்.

"இங்கே என்ன நடக்கிறது?" என்று அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார்.

வெங்கடேசன் பூவராகவனைப் பார்த்தார். நெருக்கடியில்தான் நிர்வாகி பிரகாசிக்கிறான். ஜெனிபரின் முகவாட்டத்தை மறைத்து ஊதா வெளிச்சமும் கைகொடுத்தது.

"இது எங்கள் 'தாய்மைப் பசுமை' திட்டம், மேடம். கர்ப்பிணிகள் செடிகளின் மத்தியில் ஓய்வெடுப்பார்கள்."

அம்மையார் நெகிழ்ந்துபோனார். இந்த அறை எப்படி இருக்கிறது என்று அந்தப் பெண்களிடமே கேட்கச் சொன்னார்.

"ரூம் எப்படி இருக்குன்னு மேடம் கேக்கறாங்க" என்றார் பூவராகவன். குரலில் தேனும் கண்ணில் வேறொன்றும் இருந்தது.

செண்பகம்தான் பதில் சொன்னாள். "மயக்கம் போட்டாத்தான் சார் இத்த உள்ள பாக்கவே முடியுது."

"உள்ளே வந்து பார்த்தாலே மயங்கிவிடுகிறோம் என்கிறார், மேடம்."

"உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்களா?" என்று அம்மையார் கேட்டதைப் பூவராகவன் தமிழில் சொன்னார்.

"தண்ணி குடிக்கப் போனாக்கூட கடியாரத்த பாக்குறீங்க. அதையும் சொல்லு சார்."

"தண்ணீர் விஷயத்தில் நேரம் தவறாமல் கவனிக்கிறோம் என்கிறார்."

ஜெனிபர் கண் திறந்து, "எட்வர்டுக்குப் போன் போடுக்கா" என்று முனகினாள். வெங்கடேசன் அதற்குள் அம்மையாரை வெளியே அழைத்துப் போய்விட்டதால், அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. செண்பகம் போன் போட்டதும், பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்யும் அவள் புருஷன் எட்வர்ட், பர்மிஷன் கேட்டுக் கெஞ்சி, பைக்கில் வந்து சேர்ந்தான். கம்பெனி கார் அம்மையாருக்காகக் காத்திருந்ததால், செண்பகம் ஒரு ஆட்டோவை மடக்கி இருவரையும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, தாய் இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சாயங்காலம் போன் வந்தது.

அதற்குள் கேன்டீனில் விழா தயாராகிவிட்டது. அம்மையாரின் விருப்பப்படி எல்லாரும் கூட்டப்பட்டார்கள். இருப்பிலிருந்த பொன்னாடையை வெங்கடேசன் எடுத்துப் பூவராகவனுக்குப் போர்த்தினார். விரல் பொசுங்கிய கதையைப் பூவராகவன் அடக்கத்தோடு, ஆனால் முழுமையாகச் சொன்னார். தொழிலாளர் தரப்பில் ஒருவர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார் அம்மையார். பெண்கள் யாரும் எழவில்லை. எல்லாரும் செண்பகத்தைப் பார்த்தார்கள்.

அவள் வந்து மைக்கைப் பிடித்தாள். கோபமாகப் பேசுவாள் என்று பூவராகவன் பயந்தார். அவள் நிதானமாகத்தான் பேசினாள்.

"சார பத்தி நாங்க தப்பா நெனச்சிக்கினு இருந்தோம். பாவம், ஆபீசு ரூம்ல குந்திக்கினு கீறவரு, லைன்ல நிக்கிறவங்க கஷ்டம் அவருக்கு இன்னா தெரியும்னு நெனச்சோம். ஆனா காத்து இல்லன்னா ஒரு உசிரு வாடிப் பூடும்னு சாருக்குத் தெரியுது. சூடு தாங்காதுன்னு தெரியுது. நேரத்துக்குத் தண்ணி குடுக்கணும்னு தெரியுது. நின்னுக்கினே இருந்தா துவண்டு வுழும், ஓய்வு குடுத்தாத்தான் வளரும்னு தெரியுது. இனிமே சாருக்குத் தெரியாதுன்னு நாங்க சொல்ல மாட்டோம்."

மைக்கை வைத்துவிட்டுப் போய் மற்றப் பெண்களோடு நின்றுகொண்டாள். யாரும் கை தட்டவில்லை. பொன்னாடைக்குள் பூவராகவனுக்கு வியர்த்தது.

அம்மையார் ஆவலோடு அவர் பக்கம் சாய்ந்து, "என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

பூவராகவன் பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்.

"என்னைப் பற்றித்தான், மேடம். எனக்கு எல்லாம் தெரியும் என்கிறார்."

அன்றைக்கு அவர் செய்த மொழிபெயர்ப்புகளில் பிழையில்லாதது அது ஒன்றுதான்.