ஒரு பெட்டிக்கு முப்பத்தேழு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தை. மூன்றாவதாக எங்கள் நிர்வாக இயக்குநர் வகுத்தலைக் கண்டுபிடித்தார். அந்த மகத்தான வேளையில் பக்கத்தில் கால்குலேட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அடியேன்.

நாங்கள் பீங்கான் கோப்பை செய்கிறவர்கள். கோப்பைக்கு ஒரு சின்னப் பெட்டி, எல்லாப் பக்கமும் ஒன்பது சென்டிமீட்டர். அவற்றை அடுக்கும் பெரிய பெட்டி, எல்லாப் பக்கமும் முப்பது. பெரியதன் கொள்ளளவைச் சின்னதன் கொள்ளளவால் இயக்குநர் வகுத்தார். முப்பத்தேழு வந்தது. அந்தக் கணக்குக்கே பெரிய பெட்டிகளை வாங்கிக் குவித்தோம்.

பேக்கிங் பிரிவை நடத்தும் அக்கா அடுக்கிப் பார்த்துவிட்டு மாடியேறி வந்தார்.

"இருபத்தேழுதான் சார் போகுது. எந்தப் பக்கம் வெச்சாலும் வரிசைக்கு மூணு. மிச்சம் ரெண்டு விரல் சந்து."

"சந்தை ஏன் சும்மா விட்டீங்க?"

"ரெண்டு விரல் சந்துல கோப்பை எப்படி சார் போகும்?"

"இந்த மனப்பான்மைதான் பிரச்சினை," என்றார் இயக்குநர் கனிவாக. "முப்பத்தேழு போகலைன்னா பெட்டிச் செலவு எகிறும். அப்புறம் உங்க ஆளுங்க வீட்டுக்குப் போற வேன்லதான் கைவைக்கணும்."

உடனே 'உயர்மட்டக் கொள்ளளவுக் குழு' கூடியது. வரவழைக்கப்பட்ட தன்னம்பிக்கைப் பயிற்சியாளர், ஒவ்வொரு பெட்டியையும் "உன்னால் முடியும்" என்று தட்டிக்கொடுக்கச் சொன்னார். தட்டிக்கொடுத்தார்கள். சில கோப்பைகளுக்குக் கைப்பிடி போனது.

"அட்டை வளையாது சார்," என்றார் கணக்கு அதிகாரி, தலையைச் சொறிந்தபடி.

"அப்ப வளையறது எது?"

எங்கள் நிறுவனத்தின் பொற்காலம் இந்தக் கேள்வியில்தான் பிறந்தது. சராசரி மனிதர் அறுபத்தைந்து லிட்டர். வேனின் உட்புறம் ஆறாயிரத்து ஐந்நூறு. வகுத்தால் நூறு பேர். பேக்கிங் பிரிவிலோ வெறும் அறுபது பேர். இவர்களுக்கு மூன்று வேன் விட்டு இத்தனை காலம் செல்லம் கொடுத்திருக்கிறோம். இரண்டை நிறுத்தினோம்.

மறுநாள் அக்கா மறுபடி மாடியேறினார், கொஞ்சம் நொண்டிக்கொண்டு.

"வீடு வரைக்கும் ஒத்தக் கால்லயே நின்னேன் சார். இன்னொரு காலை எங்க வெச்சேன்னே தெரியலை. எங்க பிரிவுல ஒரு பொண்ணு மாசமா இருக்கா, அவளைப் பொத்திப் பொத்திக் கூட்டிட்டுப் போனோம்."

"அறுபது பேரும் போய்ச் சேந்தீங்களா இல்லையா?"

"சேந்தோம்."

"அப்ப கணக்கு சரி."

எனக்குப் புல்லரித்தது. அட்டையிடம் தோற்ற வாய்பாடு ஆட்களிடம் ஜெயித்துவிட்டது. அட்டைக்கு இருக்கும் பிடிவாதம் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஏது?

விஞ்ஞானத்தின் மேலுள்ள ஆர்வத்தில், இயக்குநரின் காரையும் ரகசியமாக வகுத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு பேர் என்று வந்தது. எங்கோ பிழை இருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் வாசலில் நின்று பார்க்கிறேனே, அவர் ஒருவர் ஏறியதுமே கார் நிரம்பிவிடுகிறது.