துரைசானிக்கு ஒரு கம்பிக்கூடு

நாலு படத்தைப் பார்த்தால் எதையும் செய்துவிடலாம் என்று நம்புகிற ஆசாமி நான். இந்த வியாதி புத்தகம் படிப்பவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

மகள் யாழினிக்குக் கல்லூரி நாடகத்தில் முதல் பெரிய வேடம்: வெள்ளைக்காரக் கலெக்டரின் மனைவி. கணவன் இறந்த தந்தியைப் படித்து, நாற்காலியில் சரிந்து, பிறகு வந்துசேரும் பிணத்தின்மேல் விழுந்து, அரங்கையே அழவைக்க வேண்டும். போட்டி சேலத்தில். உடை வாடகைக்குக் கிடைக்கும் என்றார்கள். வரலாற்று ஆசிரியன் விடுவேனா? விக்டோரியா ராணி காலத்துத் தையல் படங்களை இணையத்திலிருந்து எடுத்து, செய்தித்தாளில் பெரிதாக வரைந்து, ஜன்னல் திரைகளில் வெட்டினேன். (எதிர்வீட்டாருக்கு அன்றிலிருந்து நாங்கள்தான் பொழுதுபோக்கு.)

அந்தக் காலத்துப் பாவாடை இடுப்புக்குப் பின்னால் திமில் போலப் புடைத்து நிற்கும். உள்ளே மெல்லிய எஃகுப் பட்டைகளாலான கூடு; உட்கார்ந்தால் மடங்கும். அதைத் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருக்கும் மைத்துனன் செல்வராசுவிடம் ஒப்படைத்தேன்.

“மடங்கோணுமுங்களா? மடங்குனா அதென்ன வேலைங்க மாமா? போர் போடற வண்டிக்கே நம்ம வெல்டிங் தாங்குது!”

கட்டடக் கம்பியில் செய்து, பச்சைப் பெயிண்டும் அடித்து அனுப்பினான். நானோ கொசுவம் வைக்கும் மும்முரத்தில் இருந்தேன்.

“ஏனுங்க, புள்ளைய ஒருக்கா உக்காந்து பாக்கச் சொல்லுங்க” என்றாள் மனைவி.

“கொசுவம் கலைஞ்சுரும்” என்று தடுத்த மேதை நானேதான்.

மேடையில் தந்தி வந்தது. யாழினி படித்தாள், விசும்பினாள், சரிந்தாள். கூடு மடங்கவில்லை, பிரம்பு நாற்காலியின் முதுகுக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டது. கணவனின் பிணத்தைத் தூக்கிவந்து கிடத்தினார்கள். அருகே போக எழுந்தாள். நாற்காலியும் எழுந்தது.

பின்வரிசையில் விசில். நான் முன்சீட்டுக்கு அடியில் இல்லாத செருப்பைத் தேடினேன். அவளோ வசனத்தில் ஓர் எழுத்தும் விடாமல், நாற்காலியை இழுத்துக்கொண்டே போய்ப் பிணத்தின்மேல் விழுந்தாள். பிணம், “ஐயோ அம்மா!” என்று எழுந்து உட்கார்ந்தது.

திரைக்குப் பின்னால் ஓடி, “மன்னிச்சுக்க சாமி” என்றேன்.

“அழ வெக்கோணும்னாங்கல்லப்பா? அங்க பாருங்க!”

நடுவர்கள் மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பரிசு கிடைத்தது, சிறந்த நகைச்சுவை நடிகைக்கு.

அதன்பின் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், அவள் உட்காரப் போகும்போது செல்வராசு பதறி ஓடி வருவான்:

“பாத்து சாமி, அது வாடகைச் சேரு!”