நிரம்பி வழிந்த மண்டபம்

கறம்பக்குடியில் சனிக்கிழமை மாலை அரசுக் கலை விழா நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டது. விழாப் புகைப்படங்களைச் சமூக வலைத்தளங்களில் முன்கூட்டியே வெளியிட்டு, பொதுமக்களைப் பெருந்திரளாக ஈர்த்திட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கையும் வந்தது.

விழாப் பொறுப்பு அதிகாரி திலகவதி, போட்டோகிராபர் சார்லஸைப் புதுக்கோட்டை அலுவலகத்துக்கு வரவழைத்தார்.

"சனிக்கிழமை விழா போட்டோ எனக்கு வியாழக்கிழமையே வேணும்."

"மேடம், விழா இன்னும் நடக்கலைங்களே?"

"அதனாலதான் கேக்குறேன். நடந்து முடிஞ்சப்புறம் விளம்பரம் பண்ணி என்ன பிரயோஜனம்?"

சார்லஸ் யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க, அந்தம்மா சொல்வதுதான் சரி என்று பட்டது.

வியாழக்கிழமை கறம்பக்குடி கல்யாண மண்டபத்தில் அலுவலக ஊழியர்கள் நாற்பது பேர் பார்வையாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். இடது பக்கம் உட்காரவைத்து ஒரு படம். சட்டையை மாற்றிக்கொண்டு வலது பக்கம் ஒரு படம். தலையில் துண்டு கட்டிப் பின்வரிசையில் ஒன்று. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒட்டியதும் மண்டபம் நிரம்பி வழிந்தது.

மேடையில் கரகத்துடன் நின்றவள் மணிமேகலை. கோயில் திருவிழாவெல்லாம் பாட்டுக் கச்சேரிக்கு மாறிவிட்டதால், அவள் மேடை ஏறியே இரண்டு வருசமாகியிருந்தது.

"அண்ணே, மேளம் இல்லாம எப்படிண்ணே ஆடுறது?"

"ஆடாதம்மா. ஆடுனா படம் கலங்கிடும். ஆடுற மாதிரி நில்லு, போதும்."

ஒற்றைக்காலில் நின்றாள். கால் மரத்துப்போனது.

"சனிக்கிழமையாச்சும் ஆட விடுவீங்களா?"

"கூட்டம் வந்தா ஆடலாம்" என்றார், மேற்பார்வைக்கு வந்திருந்த திலகவதி.

படம் இணையத்தில் ஏறியது. துபாயில் வேலை பார்க்கும் அறந்தாங்கிக்காரர்கள்கூடப் பகிர்ந்தார்கள்.

சனிக்கிழமை ஜனங்கள் நிஜமாகவே கிளம்பி வந்துவிட்டார்கள். முதலில் நுழைந்தவர் பூக்கடை மலையாண்டி. கையிலிருந்த செல்போன் படத்தைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார்.

"இது இல்லப்பா. படத்துல நிக்க எடமில்ல, இங்க சேரெல்லாம் சும்மா கெடக்கு. விழா வேற எங்கிட்டோ நடக்குது, வாங்க."

கூட வந்தவர்கள் அவர் பின்னாலேயே வெளியேறினார்கள். அடுத்து வந்தவர்களும் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் கடைத்தெரு முழுக்க ஆட்கள். "விழா எங்கிட்டு?" என்று எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். பஸ் நகர முடியவில்லை.

உள்ளே திலகவதி, "இங்கே அலைகடலெனத் திரண்டிருக்கும் பொதுமக்களே" என்று நாற்காலிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

"மேடம், கூட்டம் வெளிய நிக்குது" என்றாள் மணிமேகலை.

"வெளிய நிக்கிறவங்க பொதுமக்கள்மா. உள்ள வந்தாத்தான் பார்வையாளர்கள்."

மணிமேகலை, மேடை ஓரத்தில் காத்திருந்த தவில்காரரைப் பார்த்தாள். அவர் தவிலைத் தூக்கித் தோளில் மாட்டினார். கரகத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நேரே தெருவுக்கு இறங்கிவிட்டாள்.

தவில் அதிர்ந்ததும் கூட்டம் வட்டம் கட்டியது. இரண்டு வருசத்து ஆட்டத்தையும் சேர்த்து ஆடினாள். பஸ் கண்டக்டர் படியில் நின்று விசில் அடித்தார். மலையாண்டி கடையிலிருந்த உதிரிப்பூவையெல்லாம் அள்ளி வீசினார். வேர்த்து வழிந்த முகத்தோடு அவள் சிரித்தபோது, சார்லஸ் தன் தொழில் வாழ்க்கையிலேயே சிறந்த படத்தை எடுத்தார்.

ஓடிப்போய்த் திலகவதியிடம் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம பேனர் எங்க? பின்னாடி பரோட்டாக் கடை போர்டுல்ல தெரியுது? இதைப் போட்டா விழாவை அவங்க நடத்துன மாதிரி ஆயிடும்."

ஆகவே வியாழக்கிழமை படமே, 'வரலாறு காணாத கூட்டத்துடன் விழா இனிதே நிறைவுற்றது' என்ற வாசகத்துடன் மீண்டும் வெளியிடப்பட்டது.

மறுநாள் காலை அதன் கீழே மலையாண்டி எழுதியிருந்தார்: "அடேங்கப்பா, என்னா கூட்டம்! நாங்க ரோட்டுல யாரோ ஒரு பொண்ணு ஆடுனதைப் பாத்துக்கிட்டு நின்னு இந்த விழாவைக் கோட்டை விட்டுட்டோம். அடுத்த வருசமாச்சும் எடத்தைச் சரியாச் சொல்லுங்க."

கறம்பக்குடியே அதற்கு லைக் போட்டது.